அடிக்காத அடி

பாஸ்கல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன். கள்ளச் சாராயத்தில் கண் அவிந்துபோன தகப்பனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்து வளர்ந்தவன். அந்த நெடி வந்தாலே எழுந்து போய்விடுவான். கல்யாணமான பத்து வருஷத்தில் அவன் பெண்டாட்டி ரோசி அவன் மேல் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறாள். சீட்டாடுவான், குளிக்கச் சோம்பல்படுவான், அவள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேச மாட்டான். குடிகாரன் என்று மட்டும் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை ஊர்தான் சொன்னது.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அவன் கிரேன் டிரைவர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன். ஏணியில் ஏறிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே சங்கிலி மாட்டுகிறவன் கை காட்டுகிறபடி பாரத்தைத் தூக்கி இறக்க வேண்டும். பிரேக் நழுவுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ரிப்பேர் நோட்டில் மூன்று தடவை எழுதினான். கையில் இருக்கிற ஆர்டர் முடியட்டும் என்றார்கள். 1971 டிசம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பாஸ்கல் கிரேனை நிறுத்தின பிறகும் ஒன்றரை டன் வார்ப்படம் ஒன்று தன்பாட்டுக்கு இறங்கியது. கீழே நின்று சங்கிலி மாட்டுகிற ஜெயவேல் அந்த இடத்திலேயே செத்தான்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. டிரைவர் குடித்திருந்தான், அவ்வளவுதான். ரிப்பேர் நோட்டைக் காணோம். டைம் கீப்பர் சவரிநாதன், பாஸ்கலோடு ராயபுரத்தில் ஒரே கோயிலில் பூசை பார்க்கிறவர், அன்று காலை கேட்டில் பாஸ்கல் மேல் சாராய நெடி அடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராயபுரத்தில் ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. ரோசிக்கு ஆத்திரம் அங்கேதான் ஆரம்பித்தது. எத்தனையோ வருஷ மதுவிலக்குக்கு அப்புறம் அந்த ஆகஸ்டு கடைசியில்தான் சாராயக் கடைகள் திறந்திருந்தன. நாலு மாதமாக எவன் தெருவில் விழுந்தாலும், எந்த வீட்டில் சண்டை என்றாலும் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். கதை தயாராகக் காத்திருந்தது. பாஸ்கல் அதற்குள் போய் விழுந்தான்.

வேலை போனது. சலூனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவன் எழுந்து பேப்பரோடு வெளியே போனான். கோயிலில் அவன் முழங்கால் போட்ட வரிசையில் அப்புறம் யாரும் வரவில்லை. முதல் ஆறு மாதம் பாஸ்கல் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்: "நான் குடிக்கல நைனா. பிரேக்கு புடிக்கல." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவன் அந்தப் பக்கம் போனதும், எந்தக் குடிகாரன் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று சிரித்தார்கள். அவன் எவ்வளவு மறுத்தானோ அவ்வளவுக்கு அது உறுதியாயிற்று. பிறகு அவன் சொல்வதையே விட்டுவிட்டான். பேச்சும் குறைந்துபோயிற்று.

ரோசி விடவில்லை. அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அங்கே யாராவது அவனைப் பற்றி வாயெடுத்தால் கையில் இருக்கிற இறாலை அவர்கள் முகத்தில் எறிவாள். "வாய்க்காரி" என்று பெயர் வாங்கினாள். குடிகாரனோடு குடித்தனம் பண்ணிப் பண்ணி அப்படி ஆகிவிட்டாள் பாவம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

1973 மார்ச்சில் சவரிநாதன் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு பழம். கோயிலில் மது ஒழிப்புச் சபை ஒன்று தொடங்கியிருந்தார்கள், அவர்தான் செயலாளர்.

"ரோசிம்மா, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்" என்றார். ரோசி உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். "ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டம். பாஸ்கல் மேடையில ஒரு பத்து நிமிஷம் சாட்சி சொல்லணும். குடி தன்னை எப்படிக் கெடுத்துச்சு, எப்படி விட்டான்னு. நாலு பேர் கேட்டுத் திருந்துவாங்க. மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். கிரேன் கிடையாது. ஆனா திருந்தின ஆள்னா கேட்ல வாட்ச்மேனா சேர்த்துக்கறேன்னுட்டார்."

"குடிச்சவன்தானே வுட முடியும்?" என்றாள் ரோசி. "குடிக்காதவன் எத்த வுடுவான்?"

"நடந்தது நடந்துபோச்சும்மா. இனிமே ஆகவேண்டியதைப் பாரு."

அதுவரை அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுவந்தாள். அன்றைக்கு அது வரவில்லை. "அன்னிக்கு மோந்த பாரு ஒரு மூக்கு, அத்த அறுத்து எடுத்துகினு வா. அப்பால பேசலாம்."

சவரிநாதன் பழத்தை ஜன்னல் மேடையில் வைத்தார். அந்த நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த பாஸ்கல், "சொல்றேன்" என்றான்.

"யோவ்!"

"சொல்றேன் ரோசி. ஆறு மாசம் நெசத்த சொல்லிப் பாத்தாச்சு. ஒருத்தன் காது குடுக்கல. இத்த சொன்னா கேக்குறாங்களாமே."

கூட்டம் கோயிலை ஒட்டின பள்ளிக்கூட மைதானத்தில். ரோசி, ஒன்பது வயது மகள் ஞானத்தை மடியில் இருத்திக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாஸ்கல் மைக்குக்கு முன்னால் வந்து, குடித்தேன், தப்பு செய்தேன் என்று இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு நின்றான். கூட்டம் அசையவில்லை. அவர்கள் இன்னும் எதற்கோ காத்திருந்தார்கள். பாஸ்கலுக்கு அது புரிந்துவிட்டது போலிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் பொண்டாட்டிய அடிச்சேன்" என்றான்.

கூட்டம் முழுக்க "ச்சு" கொட்டியது. அவன் குரல் ஏறியது. கிறிஸ்துமஸ் அன்று போதையில் வீட்டுக்கு வந்ததைச் சொன்னான். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவளை இடுப்பில் எட்டி உதைத்ததைச் சொன்னான். ஜெபமாலை அறுந்து மணிகள் சிதறியதை, மூலையில் பிள்ளை அழுததை, ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லும்போதே அழுதான். அது பொய் அழுகையில்லை. ரோசிக்கு அது தெரிந்த கதை. அந்தக் கிறிஸ்துமஸ் நடந்ததுதான். உதைத்தது அவன் தகப்பன், உதை வாங்கினது அவன் தாய், மூலையில் அழுத பிள்ளை பாஸ்கல். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறான். இப்போது தகப்பன் காலைத் தனக்கு மாட்டிக்கொண்டு, தாய் வாங்கின உதையை அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

மைதானம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் சவரிநாதன், செத்துப்போன ஜெயவேலின் பெண்சாதி மலர்க்கொடியை மேடைக்குக் கூட்டிவந்தார். அவள் காலடிப்பேட்டைக்காரி, புருஷன் செத்த பிறகு அதே தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை கொடுத்திருந்தார்கள். பாஸ்கல் அவள் காலில் விழுந்தான். அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். "மன்னிச்சுட்டேன், போ" என்றாள். கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. ரோசி அழவில்லை. அவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து பாஸ்கல் வேறு ஆள். சலூன்காரன் கூப்பிட்டு உட்கார வைத்தான். வாட்ச்மேன் வேலை கிடைத்தது, காக்கிச் சட்டை கிடைத்தது. தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் கதை ஒரு சுற்று சதை போட்டது. எண்ணூர் மேடையில் ரோசியின் தாலியை அடகு வைத்தான். தண்டையார்பேட்டையில் அவள் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொள்ளப் போனாள்.

ஷெட்டில் பெண்கள் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். யாரும் வாயெடுக்காததால் எறிவதற்கும் வழியில்லை. பக்கத்து வீட்டு மீன்காரி பூமாரி ஒரு நாள் அவள் இடுப்பைத் தொட்டு, "எங்கம்மே ஒதைச்சான்? இப்பவும் நோவுதா?" என்று கேட்டாள்.

"ஒதைக்கவே இல்ல. அவன் என் மேல கைய வச்சா கைய ஒடைச்சிருப்பேன்."

பூமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "வுட்டுக் குடுக்க மாட்டேன்ற பாரு. நீ சாமிடீ."

அப்படியே அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது ரோசிக்கு. பத்து வருஷம் அவள் அவனோடு சரிக்குச் சரி சண்டை போட்டு, சிரித்து வாழ்ந்த வாழ்க்கை ஒன்று இருந்தது. அது அவளுடையது. அதைக் கேட்பதற்கு இந்த ஊரில் ஆள் இல்லை. இவர்களுக்கு இடுப்பொடிந்த ஒருத்தி வேண்டும்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் சோறு குழைந்துபோனதற்காக பாஸ்கல் முனகினான். ரோசி பதிலுக்குக் கத்தினாள். அந்த வீட்டில் எப்போதும் நடப்பதுதான். ஆனால் ஞானம் புத்தகத்தைப் போட்டுவிட்டு மூலைக்கு ஓடி, காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, அம்மாவ அடிக்காதப்பா" என்று அலறியது.

ரோசி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா என்னிக்கிடீ என்னை அடிச்சாரு?"

"கிறிஸ்மஸ் அன்னிக்கு. நான் இங்கதான் குந்திகினு அழுதேன். ஜெபமாலை அறுந்துச்சு. கட்டிலுக்கு அடியில ரெண்டு மணி ஓடிச்சு. நான்தான் பொறுக்கிக் குடுத்தேன்."

"அது அப்பா கூட்டத்துல சொன்னதுடீ."

"இல்லமா. எனுக்கு ஞாபகம் கீது."

கட்டிலுக்கு அடியில் ஓடின மணியை பாஸ்கல் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அதைப் பிள்ளையே உண்டாக்கிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. அதன் கண்ணில் பயம் அப்படியே நின்றது.

ரோசி பாஸ்கலைச் சட்டையோடு பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "கேட்டியாய்யா? ஒங்கப்பன் செஞ்சத்த நீ செஞ்சன்னு சொன்ன. பல்லக் கடிச்சிகினு இருந்தேன். எம்பொண்ணு தலையில எதுக்குய்யா அத்த ஏத்துன?"

பாஸ்கல் சுவரில் சாய்ந்துகொண்டான். "அந்த மேடையில நிக்கும்போதுதான் ரோசி நான் ஆளா கீறேன். நாலு பேரு கும்புடறான். எறங்கிட்டா நான் யாரு?"

"ஜெயவேல் மேல போட்ட கிரேன் இன்னா ஆச்சு?"

"ஓடுது."

"பிரேக்கு?"

அவள் உலுக்கினாள். "சுயம்புன்னு ஒரு புள்ள ஓட்டுது" என்றான். "நழுவுதுண்ணேன்னு எங்கிட்ட வந்து சொல்லிச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? குடிச்சதாலதான் வுழுந்துச்சுன்னு நானே ஊர் ஊரா சொல்லிகினு கீறேன். பிரேக்குன்னு எந்த வாயால சொல்றது?"

மறுநாள் ரோசி ஷெட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறிக் காலடிப்பேட்டைக்குப் போனாள். மலர்க்கொடிக்கு அன்று வார லீவு. வாசலில் குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ரோசியைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று முந்தானையால் கையைத் துடைத்தாள். அந்த மரியாதைகூட ரோசியைச் சுட்டது.

"எம்புருசன் குடிக்கல மலரு. அன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. மேடையில சொன்னதெல்லாம் பொய். பிரேக்கு நழுவிச்சு. மூணு தடவ எழுதிப் போட்டாரு, எவனும் பாக்கல."

"அப்ப நான் யார மன்னிச்சேன்?" என்றாள் மலர்க்கொடி.

ரோசி நீட்டின கையை உதறினாள்.

"ஒன்ற வருசம் அந்தாள நெனச்சு நெனச்சு எரிஞ்சேன். சோறு தின்ன சொல்லோ, படுக்க சொல்லோ, அந்தாள் மூஞ்சிதான். எப்படியோ கஷ்டப்பட்டு அத்த அணைச்சேன். இப்ப வந்து அவன் இல்லன்றியா? எல்லாரும் சேந்து என்ன வச்சி கூத்து கட்டுனீங்களா?" குடத்தை ஒரு உதை விட்டாள். தண்ணீர் ரோசியின் புடவையை நனைத்தது. "போ. போய்டு இங்கேர்ந்து."

ரோசி நனைந்த புடவையோடு நின்றாள். "போறேன். அந்த கிரேனுக்குக் கீழ இன்னிக்கும் ஒருத்தன் சங்கிலி மாட்டிகினு கீறான். அவனுக்கும் பொண்டாட்டி கீறா. அத்த சொல்லத்தான் வந்தேன்."

அடுத்த நாள் தொழிற்சாலையில் நடந்ததை, சாயங்காலம் சுயம்புதான் மூச்சிரைக்க வந்து ரோசியிடம் சொன்னான். மலர்க்கொடி காலை டீ நேரத்தில் அவனைக் கேன்டீன் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம். "ரெண்டு தடவ எழுதிட்டேங்கா, ஆர்டர் முடியட்டும்ன்றாங்கோ" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, ஈரக்கையோடு நேராக வார்ப்படப் பட்டறைக்கு நடந்து, கிரேன் கொக்கிக்கு நேர் கீழே, புருஷன் செத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்த கழட்டிப் பாருங்க. இல்லாட்டி என் மேலயும் போடுங்க" என்றாளாம்.

சுயம்பு கூண்டிலிருந்து இறங்கிவிட்டான். ஒவ்வொருத்தராக வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். சவரிநாதன் ஓடிவந்து, "எழுந்திரும்மா, உன்னை எவளோ கிளப்பிவிட்டிருக்கா" என்றார்.

"நீங்கதானே மோந்து பாத்தவரு?" என்றாள் மலர்க்கொடி. "ஏணியில ஏறி அந்தப் பிரேக்க மோந்து பாத்துட்டு வாங்க. சாராயம் வீசுதான்னு சொல்லுங்க."

மேனேஜர் வந்தார். இவளைத் தூக்கி வெளியே போடச் சொல்லி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் பாஸ்கல்தான். காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தவன், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். விபத்துக்குப் பிறகு அவன் அந்தப் பட்டறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

மலர்க்கொடி அவனை அண்ணாந்து பார்த்தாள். "எல்லார் முன்னாடியும் கேக்குறேன். அன்னிக்கு நீ குடிச்சியா?"

சவரிநாதன், "பாஸ்கல், யோசிச்சுப் பேசு" என்றார்.

"இல்லம்மா" என்றான் பாஸ்கல். "ஒரு சொட்டு இல்ல. நான் நிறுத்துனேன். அது நிக்கல. உன் புருசன் அண்ணாந்து பாத்து கை காட்டுனான், வேணாம், வேணாம்னு. நான் நிறுத்திடுவேன்னுதான் நெனச்சிருப்பான். அது வந்துகினே இருந்துச்சும்மா."

மலர்க்கொடி எழுந்து வந்து அவனை அறைந்தாள். "இத்த எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும் நீ" என்று மறுபடி அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை.

ஆட்கள் அந்தக் கிரேனுக்குக் கீழே வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பிரேக்கைக் கழற்றினார்கள். உள்ளே பட்டை தேய்ந்து வெறும் இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தது. புதுசு போட்டார்கள். பழைய விசாரணை அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பாஸ்கலின் காக்கிச் சட்டையை அவன் உண்மை சொன்ன அன்று சாயங்காலமே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மலர்க்கொடிக்கும் கேன்டீன் வேலை போயிற்று. ரோசி அவளை ஷெட்டில் சேர்த்துவிட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முதல் வாரம் மலர்க்கொடி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ராயபுரத்தில் வேறு பேச்சு எழும்பியது. பாஸ்கல் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் வேலை போனது என்றார்கள். புருஷன் நாலு பேர் மதிக்க வாழ்ந்தது ரோசிக்குப் பொறுக்கவில்லை என்றார்கள். சபையிலிருந்து அவன் பேரை அடித்தார்கள். சவரிநாதன் எதிரே வந்தால் அடுத்த தெருவில் திரும்பிக்கொண்டார். பூமாரி மட்டும் ஒரு நாள் வாசலில் நின்று, "நெசமாவே ஒதைக்கலயா மே?" என்று கேட்டாள். "எத்தினி தடவடீ சொல்றது" என்று ரோசி கத்தினாள். "சரி, சரி, அதுக்கு ஏன் கத்துற?" என்று போனாள். நம்பினாளா என்று தெரியாது.

வேலை போன ஆத்திரத்தில் பாஸ்கல் பத்து நாள் ரோசியோடு பேசவில்லை. பதினோராம் நாள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவன், "ஒனுக்கு இன்னும் என் மேல கோவமா?" என்று கேட்டான்.

"ஊருக்குச் சொன்னத்த ஊர்ல போய்த் திருப்பிச் சொல்ல முடியாது, அது தெரியும்" என்றாள் ரோசி. "இந்த வூட்ல ஒருத்தி கீறா. அவகிட்டயாவது சொன்னியா?"

பாஸ்கல் கை கால் கழுவிக்கொண்டு வந்து, பாடம் எழுதிக்கொண்டிருந்த ஞானத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எத்தனையோ மேடையில் பேசினவனுக்கு இப்போது வாய் திக்கியது. "அம்மாவ நான் அடிச்சதில்ல கண்ணு. அது எங்க நைனா. எங்க அம்மாவ அடிச்சாரு. நான் அப்ப ஒன்ன மாதிரி சின்னப் புள்ள. அப்பா அத்த மாத்திச் சொல்லிட்டேன்."

ஞானம் அவனைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பொய். நான் பாத்தேன்" என்றது.

பாஸ்கல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ரோசி அவன் கையை இழுத்து இறக்கினாள்.

"அழுவாத. அழுதா மறுபடி கூட்டம்னு நெனச்சுக்கும். சாதாரணமா சொல்லு. நாளைக்கும் சொல்லு, அதுக்கு மறுநாளும் சொல்லு. அது நம்பற வரைக்கும் நீ சொல்லணும்."

"நம்பவே இல்லன்னா?"

"அப்பவும் சொல்லு" என்றாள் ரோசி.